உறைக்குள் உறை: வி.பி.என். எப்படிப் பிடிபடுகிறது?

சென்னையில் மாதச் சந்தா கட்டி நெட்ஃபிளிக்ஸ் பார்க்கும் ஒருவர் வேலை நிமித்தம் லண்டன் போகிறார். அதே கணக்கு, அதே கடவுச்சொல், அதே மடிக்கணினி. ஆனால், ஊரில் பாதி பார்த்து வைத்த படம் பட்டியலிலேயே இல்லை. "வி.பி.என். போட்டு இந்தியாவைத் தேர்ந்தெடுங்க, வந்துடும்" என்கிறார் உடன் வேலை பார்க்கும் நண்பர். அவரும் போடுகிறார். படத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வருகிறது: 'நீங்கள் பிராக்ஸியோ தடைநீக்கியோ பயன்படுத்துவதுபோல் தெரிகிறது. அதை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.' கூடவே எம்7111-5059 என்றொரு பிழை எண்.

இது உலகெங்கும் ஓ.டி.டி. சந்தாதாரர்கள் சந்தித்த அனுபவம். இதில் ஒரு புதிர் இருக்கிறது. வி.பி.என். வழியாகப் போகும் தகவல் முழுவதும் குறியாக்கம் செய்யப்படுகிறது. அதாவது, சாவி இல்லாத எவருக்கும் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றப்படுகிறது. நடுவழியில் யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்க முடியாது. வங்கிகளும் பெருநிறுவனங்களும் தங்கள் ரகசியங்களை ஒப்படைக்கும் தொழில்நுட்பம் இது. அவ்வளவு பலமான குறியாக்கத்தைப் படம் காட்டும் நிறுவனம் உடைத்துவிட்டதா?

உடைக்கவில்லை, உடைக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. வி.பி.என். எதை மறைக்கிறது, யாரிடமிருந்து மறைக்கிறது என்று பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும்.

ஏரியா விற்பனையும் எல்லைக்கோடும்

நாட்டுக்கு நாடு பட்டியல் ஏன் மாறுகிறது என்பது தமிழ் சினிமா வியாபாரம் அறிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஒரு படத்தின் திரையரங்கு உரிமை சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை, திருச்சி-தஞ்சாவூர், நெல்லை-குமரி என்று ஏரியா வாரியாக விலைபோகிறது. வெளிநாட்டு உரிமைக்கு 'எஃப்.எம்.எஸ்.' என்று தனிக் கணக்கு. கோவை ஏரியாவை வாங்கியவர் மதுரையில் படம் போட முடியாது.

ஓ.டி.டி. உரிமையும் உலக அளவில் இதே மரபில்தான் விற்கப்படுகிறது. ஒரு ஹாலிவுட் படம் இந்தியாவில் ஒரு நிறுவனத்திடமும், பிரிட்டனில் இன்னொரு நிறுவனத்திடமும், ஜப்பானில் ஒரு தொலைக்காட்சியிடமும் இருக்கலாம். 2016 ஜனவரி 6 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த மின்னணுக் கண்காட்சியில், ஒரே நாளில் இந்தியா உட்பட 130 நாடுகளில் சேவை தொடங்குவதாக நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அறிவித்தார். அப்போதும் அந்த நிறுவனத்தின் அடையாளமாகவே கருதப்பட்ட 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடர் எல்லா நாட்டுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. சில நாடுகளில் அதன் உரிமை முன்னரே தொலைக்காட்சிகளுக்கு விற்கப்பட்டிருந்தது.

அந்த அறிவிப்பு வந்து எட்டாம் நாள், ஜனவரி 14 அன்று, நெட்ஃபிளிக்ஸின் தொழில்நுட்பத் துணைத் தலைவர் டேவிட் ஃபுல்லகர் இன்னோர் அறிவிப்பை வெளியிட்டார். பிராக்ஸி, வி.பி.என். வழியாக வேறு நாட்டுப் பட்டியலைப் பார்ப்பவர்கள் இனித் தடுக்கப்படுவார்கள் என்றது அது. எல்லாப் படங்களும் எல்லா நாடுகளிலும் கிடைத்தால் இத்தகைய வழிகளைத் தேட யாருக்கும் அவசியமே இருக்காது என்றும் அதே அறிவிப்பு ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் ஹூலு 2014-லேயே வி.பி.என். முகவரிகளைத் தடுக்கத் தொடங்கியிருந்தது.

ஆக, நிறுவனத்தின் முன் நிற்கும் கேள்வி: 'இந்தப் பார்வையாளர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்?' அதைக் கண்டுபிடிக்க அதன் கையில் முதலில் கிடைப்பது ஓர் எண் மட்டுமே.

ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

இணையத்தில் எந்தக் கருவியும் ஐ.பி. முகவரி என்னும் எண் இல்லாமல் இன்னொரு கருவியோடு பேச முடியாது. இன்றும் பரவலாகப் புழங்கும் நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அவை போதாமல் போனதால் வந்தது ஆறாம் பதிப்பு. இணையத்தில் படம் முழுதாக வருவதில்லை. 'பாக்கெட்' எனப்படும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அனுப்பும் முகவரியும் சேரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். பதில் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் படத்தை அனுப்ப முடியாதல்லவா?

இந்த எண்ணில் ஊர்ப்பெயரோ நாட்டின் பெயரோ கிடையாது. பிறகு எப்படி இடம் தெரிகிறது? முகவரிகளை உலக அளவில் பகிர்ந்தளிக்க ஐந்து வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. ஆசிய-பசிபிக் பகுதிக்கான 'ஏப்நிக்', ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இயங்குகிறது. அதன் கீழ் இந்தியாவுக்குத் தனிப் பதிவகம் ஒன்று உண்டு. எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்துக்குத் தரப்பட்டது என்ற பதிவேடு பொதுவில் கிடைக்கிறது. அதோடு, முகவரியை வைத்திருக்கும் நிறுவனமே 'இந்தத் தொகுதி இந்த நாட்டில், இந்த ஊரில் பயன்படுகிறது' என்று ஒரு கோப்பில் அறிவிப்பதற்கும் 2020-இல் ஒரு நடைமுறை வகுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் திரட்டி, 'இந்த எண் இந்த ஊர்' என்று அட்டவணை தயாரித்து விற்கும் நிறுவனங்கள் உள்ளன. அமெரிக்காவின் மேக்ஸ்மைண்ட் அவற்றுள் பெயர்பெற்றது.

இந்த அட்டவணை தருவது மதிப்பீடுதான். அது எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சாட்சி. 'அமெரிக்காவில் இருக்கிறது, எந்த ஊர் என்று தெரியவில்லை' என்ற வகை முகவரிகளுக்கெல்லாம் மேக்ஸ்மைண்ட் பொதுவாக ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. நாட்டின் நடுமையத்துக்கு அருகே, முழு எண்களாகச் சுருக்கிய அட்சரேகை 38, தீர்க்கரேகை மேற்கு 97. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தின் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடி முகவரிகள் அந்த வீட்டின் கணக்கில் சேர்ந்தன. இணைய மோசடிக்காரர்களையும் காணாமல் போனவர்களையும் தேடிக் காவல்துறையினரும் புலனாய்வு அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் அந்தக் கதவைத் தட்டினார்கள். 2016-இல் பத்திரிகையாளர் கஷ்மீர் ஹில் காரணத்தைக் கண்டறிந்து எழுதிய பிறகே, நிறுவனம் அந்தப் பொதுப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே மாற்றியது.

உறைக்குள் உறை

வி.பி.என். என்பது மெய்நிகர் தனியார் வலையமைப்பு. 1990-களில், வெளியூரில் இருக்கும் ஊழியர் அலுவலக வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைவதற்காக இது வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் 1996 வாக்கில் உருவாக்கிய நெறிமுறையும், 2001-இல் ஜேம்ஸ் யோனன் எழுதிய ஓப்பன்வி.பி.என். மென்பொருளும் இதன் ஆரம்பப் படிகள். ஜேசன் டோனென்ஃபெல்டின் வயர்கார்டு நெறிமுறை 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பிடித்தது.

இது வேலை செய்யும் விதத்தைத் தபாலை வைத்து விளக்கலாம். திருச்சியில் இருக்கும் ஒருவர் டெல்லிக் கடைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், ஆனால் தன் ஊர் தெரியக் கூடாது. அவர் கடிதத்தை ஓர் உறையில் வைத்து ஒட்டி, அதை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, மும்பையில் இருக்கும் உறவினருக்கு அனுப்புகிறார். உறவினர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தன் முகவரியை அனுப்புநராகக் குறித்து டெல்லிக்குத் தபாலில் சேர்க்கிறார். டெல்லியின் பதில் மும்பைக்கு வரும். அங்கிருந்து புது உறையில் திருச்சிக்குப் போகும். திருச்சித் தபால்காரருக்குத் தெரிவதெல்லாம் மும்பைக்கு ஏதோ போகிறது என்பது மட்டுமே. டெல்லிக் கடைக்காரருக்கோ மும்பை மட்டுமே தெரியும்.

மும்பை உறவினர்தான் வி.பி.என். வழங்கி, அதாவது சர்வர். உறைக்குள் உறையாகப் பொட்டலத்தை அனுப்பும் இந்த வழிக்குத் தொழில்நுட்பத்தில் 'சுரங்கவழி' என்று பெயர். குறியாக்கம் காப்பது திருச்சிக்கும் மும்பைக்கும் இடையிலான பயணத்தை. டெல்லிக் கடைக்காரர் வழியில் நிற்பவர் இல்லை, கடிதத்தைப் பெறுபவரே அவர்தான். அவர் எந்த உறையையும் திருட்டுத்தனமாகப் பிரிக்க வேண்டியதில்லை. தனக்கு வந்த கடிதத்தின் அனுப்புநர் முகவரியைப் பார்த்தாலே போதும். 'இந்த மும்பை முகவரியில் உண்மையிலேயே ஒரு குடும்பம் வசிக்கிறதா? அல்லது ஊரார் கடிதத்தையெல்லாம் மாற்றி அனுப்பும் இடமா?' இதுதான் ஓ.டி.டி. நிறுவனம் கேட்கும் கேள்வி.

முகவரி யாருடையது?

எந்தெந்தச் சோதனைகளை நடத்துகிறோம் என்று ஓ.டி.டி. நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனால், வலையமைப்புத் துறையில் அனைவரும் அறிந்த வழிகள் உள்ளன. எளிமையானது, முகவரியின் சொந்தக்காரரைப் பார்ப்பது. இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் 'தன்னாட்சி அமைப்பு எண்' உண்டு. எந்த முகவரி எந்த எண்ணுக்குக் கீழ் வருகிறது என்பது வெளிப்படை. வீட்டு இணைப்பு தரும் நிறுவனத்தின் முகவரியில் குடும்பங்கள் இருக்கும். வாடகைக்கு வழங்கிகள் தரும் தரவு மையத்தின் முகவரியிலோ கணினி அலமாரிகள்தான் இருக்கும். அங்கிருந்து இரவு ஒன்பது மணிக்கு ஆயிரம் பேர் தொடர் பார்க்கிறார்கள் என்றால் சந்தேகம் எழத்தானே செய்யும்? வி.பி.என். நிறுவனங்கள் பெரும்பாலும் தரவு மையங்களில்தான் வழங்கிகளை வாடகைக்கு எடுக்கின்றன. அங்கேதான் விலை மலிவு, வேகமும் அதிகம்.

அடுத்தது கூட்டம். ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான கணக்குகள் நுழைவது ஓர் அறிகுறி. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான்காம் பதிப்பு முகவரிகளின் தட்டுப்பாட்டால், கைபேசி இணைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்வது இந்தியாவில் அன்றாட நடைமுறை. ஆகவே 'எத்தனை பேர்' என்பதோடு 'எந்த வகை வலையமைப்பு' என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழிக்கு எந்த நுட்பமும் தேவையில்லை. வி.பி.என். சேவைக்குச் சந்தா கட்டி, ஒவ்வொரு நாட்டு வழங்கியாக இணைத்து, வெளியே தெரியும் முகவரியைக் குறித்துக்கொண்டால் போதும். யார் பணம் கட்டினாலும் சேவை கிடைக்கும் என்பதால் வி.பி.என். நிறுவனத்தால் இதைத் தடுப்பது அரிது. இப்படித் திரட்டிய 'மறைமுக முகவரிகள்' பட்டியல் சந்தையில் விற்பனைக்கே கிடைக்கிறது.

சில நேரம் பார்வையாளரின் கருவியே முரண்படப் பேசிவிடும். நான்காம் பதிப்புப் பொட்டலங்களைச் சுரங்கவழியில் அனுப்பும் செயலி, ஆறாம் பதிப்புப் பொட்டலங்களைக் கவனிக்காமல் நேர்வழியில் விட்டுவிடலாம். அப்போது உண்மையான முகவரி வெளியே தெரியும். ரோமின் சபியென்சா பல்கலைக்கழகமும் லண்டனின் குவீன் மேரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-இல் 14 வணிக வி.பி.என். சேவைகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இந்தக் கசிவு இருந்தது. கைபேசியின் ஜி.பி.எஸ். ஓர் ஊரையும் முகவரி இன்னோர் ஊரையும் சொல்வதும் இந்த வகைதான்.

பொட்டலத்தின் அளவும் துப்புக் கொடுக்கும். சாதாரண ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட் இருக்கலாம். பெரிய உறைக்குள் வைக்க வேண்டிய சின்ன உறை அதைவிடச் சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? வயர்கார்டில் வழக்கமான உள் அளவு 1420 பைட். இணைப்பைத் தொடங்கும்போதே இரு பக்கமும் தாங்கள் ஏற்கும் அளவைச் சொல்லிக்கொள்வதால் இந்தக் குறைவு மறுமுனைக்குத் தெரிந்துவிடுகிறது. சில வீட்டு இணைப்புகளிலும் அளவு 1492 என்று சற்றுக் குறையும் என்பதால் இதுவும் தனித்து நிற்கும் சான்று ஆகாது.

ஏமாற்ற முடியாத கடிகாரம்

முகவரியை மாற்றலாம், பதிவேட்டில் வேறு ஊரை எழுதலாம், பொட்டல அளவைக்கூடச் சரிக்கட்டலாம். ஒன்றை மட்டும் எவராலும் மீற முடியாது: ஒளியின் வேகம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒரு மில்லிவிநாடிக்கு, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, 200 கிலோமீட்டர். ஒரு செய்தி போய்ப் பதிலும் வர வேண்டும் என்றால், ஒரு மில்லிவிநாடியில் எட்டக்கூடிய தூரம் 100 கிலோமீட்டர்தான். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். ஆகவே போய்வர 82 மில்லிவிநாடிக்குக் குறைய வாய்ப்பே இல்லை. கடலடிக் கம்பிகள் சுற்றிச் செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். தாமதம் கூடுவதற்கு நெரிசல் முதல் எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஒளியின் வேகம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே குறைவதற்கோ ஒரு காரணமும் கிடையாது.

இந்த ஒருதலைப்பட்சமான விதியை வைத்து ஓர் அழகான சோதனையைச் செய்யலாம். ஒரு வி.பி.என். வழங்கி 'நான் இந்தியாவில் இருக்கிறேன்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் உள்ள ஒரு கணினியிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பினால், பதில் 2 மில்லிவிநாடியில் திரும்பி வருகிறது. அப்படியானால் அந்த வழங்கி சிங்கப்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குள்தான் இருக்க முடியும். அந்த வட்டத்துக்குள் இந்திய மண் ஒரு சாண்கூட இல்லை. பதிவேடு என்ன சொன்னாலும் சரி, வழங்கி இந்தியாவில் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. இடம் தெரிந்த பல கணினிகளிலிருந்து இப்படி அளந்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, எல்லா வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் பகுதியைப் பார்த்தால் வழங்கியின் இருப்பிடம் குறுகிக்கொண்டே வரும்.

சக்கரி வைன்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் இதையே பெரிய அளவில் செய்து, 2018-இல் இணைய அளவீட்டு மாநாட்டில் முடிவை வெளியிட்டார்கள். ஏழு வி.பி.என். நிறுவனங்களின் 2,269 வழங்கிகளை அளந்ததில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வழங்கிகள் விளம்பரத்தில் சொன்ன நாட்டில் இல்லவே இல்லை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சந்தேகத்துக்குரியவை. வழங்கி வாடகை மலிவாகவும் நம்பகமாகவும் உள்ள சில நாடுகளில் அவை குவிந்திருந்தன. விளம்பரத்தில் சொன்ன நாடு அட்டவணைப் பதிவுகளில் மட்டுமே இருந்தது.

இதற்கு ஓர் இந்திய உதாரணமும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்', வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. விவரம் சேமிப்பதில்லை என்பதையே விற்பனை வாக்குறுதியாக வைத்திருந்த எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டுவி.பி.என். ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் வழங்கிகளை அகற்றின. ஆனாலும் எக்ஸ்பிரஸ்வி.பி.என். பட்டியலில் 'இந்தியா' தொடர்ந்தது. அந்த 'மெய்நிகர் இந்திய' வழங்கிகள் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும் என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. லண்டனில் உட்கார்ந்து 'இந்தியா'வைத் தேர்ந்தெடுப்பவரின் பொட்டலங்கள் பிரிட்டனைத் தாண்டாமலே இந்திய முகவரி பெறலாம் என்று அர்த்தம்.

தாமதத்தை வைத்து வி.பி.என். பயனரையே கண்டறியும் முறை ஒன்றையும் ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீதிகா ரமேஷ் முதலியோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு நேரங்களை ஒப்பிடுகிறது. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் முகவரி வரை போய்வரும் நேரம். மற்றது, பயனரின் உலாவி வரை போய்வரும் நேரம். இடையில் யாரும் இல்லை என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். தபால் கதையில், மும்பை வாசலுக்குப் போய்வர இரண்டு நாள், பதில் எழுதி வரவோ ஐந்து நாள் என்றால், கடிதம் மும்பையில் எழுதப்படவில்லை என்று டெல்லிக்காரர் ஊகித்துவிடலாம். அருகருகே இருக்கும் பயனரையும் வழங்கியையும் இந்த முறையால் பிரித்தறிவது கடினம். கண்டம் தாண்டியவர்களிடம் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

சந்தேகத்தில் சிக்கும் நிரபராதிகள்

மேலே கண்டவற்றில் பெரும்பாலானவை அறிகுறிகள்தாம். அறிகுறிகளைக் கூட்டித் தீர்ப்பு வழங்கும் எந்த முறையும் சில நேரம் தவறானவரைப் பிடிக்கும்.

2016 ஜூனில் நடந்ததைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் ஹரிக்கேன் எலக்ட்ரிக் நிறுவனம், ஆறாம் பதிப்பு முகவரி கிடைக்காதவர்களுக்கு அதை இலவசச் சுரங்கவழி மூலம் வழங்கிவந்தது. அதைப் பயன்படுத்தியவர்களில் பலர் புதிய தொழில்நுட்பத்தில் ஆர்வம்கொண்ட வலையமைப்புப் பொறியாளர்கள். எல்லை தாண்டிப் படம் பார்க்கும் எண்ணம் இல்லாதவர்களும் அந்த முகவரிகளிலிருந்து நெட்ஃபிளிக்ஸுக்குள் நுழைய முடியாமல் போனார்கள்.

தரவு மைய முகவரிகள் பிடிபடத் தொடங்கியதும், சிலர் வீட்டு இணைப்பு முகவரிகளுக்குத் தாவினார்கள். வெளியே பார்த்தால் அசல் குடும்ப வீடு போலவே தெரியும். அந்த வீட்டு முகவரிகள் எங்கிருந்து வருகின்றன என்பது கவலைக்குரிய கேள்வி. ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைப்புகளையே மற்றவர்களுக்கு வெளிவாசலாகப் பயன்படுத்தியதும், அந்த வசதியை லுமினாட்டி என்ற சகோதர நிறுவனத்தின் வழியே விற்றதும் 2015-இல் வெளிச்சத்துக்கு வந்தன. அவ்வழியே ஓர் இணையதளத்தின் மீது தாக்குதலும் நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் செய்யும் குற்றத்துக்கு ஓர் அப்பாவிப் பயனரின் முகவரி அனுப்புநராகப் பதிவாகும் ஆபத்து இது.

2021 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் வீட்டு முகவரிகள் பலவற்றையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. உடனே, வி.பி.என். எதையும் தொடாத சந்தாதாரர்கள் சிலரும் தங்கள் பட்டியல் திடீரென்று சுருங்கிவிட்டதாகப் புகார் செய்தார்கள். நிறுவனத்தின் அணுகுமுறையும் இப்போது மாறியிருக்கிறது. வி.பி.என். என்று சந்தேகித்தால் கதவை முழுதாகச் சாத்தாமல், 'ஸ்குவிட் கேம்', 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' போல உலகம் முழுவதற்கும் தன்னிடம் உரிமை இருக்கும் படைப்புகளை மட்டும் காட்டுகிறது. விளம்பரத்தோடு கூடிய சந்தாவிலும் நேரலை நிகழ்ச்சிகளிலும் வி.பி.என். பயன்படுத்த அனுமதியே இல்லை.

வேறு கேள்வி கேட்டால்?

ஓ.டி.டி. தடையைத் தாண்ட வி.பி.என். நம்பகமான கருவி அல்ல என்பது இவற்றிலிருந்து தெளிவு. இன்று வேலை செய்யும் வழங்கி நாளை பட்டியலில் ஏறிவிடும். நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளையும் அது மீறுகிறது. பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கும், அலுவலகக் கோப்புகளை வீட்டிலிருந்து எடுப்பவருக்கும் அது இன்றும் நல்ல பாதுகாப்பு. ஆனால், எல்லாக் கடிதங்களும் அந்த மும்பை உறவினர் கையால்தான் போகின்றன என்பதை மறக்கக் கூடாது. இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து மறைத்ததை வி.பி.என். நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம். வருமானம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத இலவச வி.பி.என். எதையும் கைபேசியில் ஏற்றாமல் இருப்பது நல்லது. வி.பி.என். இல்லாமலே தடை அறிவிப்பு வந்தால், இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் முகவரியைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

லண்டன் போன சென்னைச் சந்தாதாரரின் குறைக்கு நியாயமான தீர்வு ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, இந்தியாவில் அல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தில். அங்கே 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள ஒரு விதிப்படி, ஓர் உறுப்பு நாட்டில் கட்டணச் சந்தா வைத்திருப்பவர் இன்னோர் உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகச் சென்றாலும் தன் சொந்த நாட்டுப் பட்டியலையே பார்க்கலாம். பாரிஸில் உட்கார்ந்து பார்த்தாலும், அவர் தன் நாட்டிலிருந்தே பார்ப்பதாகச் சட்டம் கருதிக்கொள்கிறது. சந்தாதாரர் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதை அடையாள ஆவணம், பணம் செலுத்திய விவரம் போன்றவற்றால் நிறுவனம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 'இந்த முகவரி எங்கே இருக்கிறது' என்ற கேள்வி, 'இவர் எந்த நாட்டுச் சந்தாதாரர்' என்று மாறிவிட்டது. உரிமை வாங்கியவருக்கும் இதில் இழப்பில்லை. சந்தாவை அவரிடம்தானே கட்டியிருக்கிறார்கள்?

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் போய்வரும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் ஊரிலேயே சந்தாவைத் தொடர்ந்து கட்டுகிறவர்களுக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. இந்திய ஓ.டி.டி. நிறுவனங்களும் தயாரிப்பாளர்களும் உரிமை ஒப்பந்தம் எழுதும்போது, தற்காலிகமாக வெளிநாடு செல்லும் இந்தியச் சந்தாதாரருக்கு என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். அரசு இதை விதியாகவே வகுப்பது இன்னும் நல்லது.